‘கொடுத்தும்’ என்ற ஒரு சொல்

சிதம்பரத்தில் நான் முதலாண்டு வேதியியல் படித்தபோது, சோடியம் ஹைட்ராக்சைடை ஒரு சிட்டிகை எடுப்பதற்கே ஆய்வகத்தில் கையுறை போடச் சொன்னார்கள். வெறுங்கையோடு புட்டியைத் தொட்ட மாணவனை வெளியே நிற்கவைத்தார்கள். அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் அப்பாவின் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடலூருக்கு வெளியே ஒரு ரசாயனத் தொழிற்சாலையில், அதே பொருளை என் அப்பா மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார், கையுறை இல்லாமல். அங்கே அதற்குப் பெயர் சோடா. கேட்டால் ஏதோ குடிக்கிற பொருள் என்று தோன்றும்.

அந்தச் செதில்கள் வியர்வையில் பட்டாலே சூடேறித் தோலைத் தின்னும். ஒரு மதியம் மூட்டை வாய் கிழிந்து கொட்டியதில் அப்பாவின் வலது கை மணிக்கட்டுவரை வெந்துபோனது.

பத்தாம் நாள் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருக்காரர்தான். அப்பாவுக்கு அவர் மாப்ள, அவருக்கு அப்பா மாமா. கையில் ஒரு தாளும் ஸ்டாம்ப் பேடும் இருந்தன.

“ஒரு கையெழுத்து மாமா. திங்கக்கெழம கேட் பாஸ் வந்துரும், மறுபடி வேலைக்கு வந்துரலாம்.”

அப்பா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

“அதுக்குத்தான் பேடு. எடது கட்டவெரல் போதும்.”

நான் தாளை வாங்கிப் படித்தேன். “நிர்வாகம் கையுறை கொடுத்தும் நான் அணியாததால் விபத்து நேர்ந்தது.” பெயருக்கு மட்டும் புள்ளி வைத்து இடம் விட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் அச்சு. யார் கை வேகும் என்று தெரிவதற்கு முன்பே இந்த வாக்கியத்தை அடித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள்!

“கையுறை குடுத்தாங்களாப்பா?”

“எங்க குடுத்தாங்க? சாக்கத்தான் கிழிச்சு சுத்திக்குவோம்.”

சூப்பர்வைசர் சிரித்தார். “அதெல்லாம் எதுக்கு? மாமா, நீ போட்டிருந்தியா, சொல்லு.”

“இல்ல.”

“அப்ப எழுதியிருக்கறது உண்மதான? என்னா மச்சான், காலேஜுல தமிழ் சொல்லித் தரலியா?”

அப்பா என்னைப் பார்த்தார். “நான் போடலதான தம்பி,” என்று பேடில் விரலை வைத்துவிட்டார். நான் தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் கூட்டுக் கூற்றுகளுக்கு மெய் அட்டவணை போட்டிருக்கிறேன். ‘உம்’ சேர்த்துச் சொன்ன இரண்டில் ஒன்று பொய்யானாலும் மொத்தமும் பொய். மதிப்பெண்ணுக்காகப் படித்த பாடம் அது. சோடியம், குளோரின் இரண்டும் தனித்தனியே ஆளைக் கெடுக்கும், கூடினால் சோற்றுக்கு உப்பு. கூற்றுகளில் அந்தச் சலுகை இல்லை. பொய்யோடு அப்பாவின் உண்மையைச் சேர்த்தால் அது உண்மையாகிவிடாது.

“இதுல ரெண்டு சேதி இருக்குப்பா. அவுங்க குடுத்தாங்கங்கறது ஒண்ணு, நீ போடலங்கறது ஒண்ணு. வெரல் வெச்சா ரெண்டுக்கும் சேத்துத்தான்.”

அப்பா மை ஒட்டிய விரலால் தாளைக் காட்டினார். “அப்ப அவுங்க பொய்யத் தூக்கி என் உண்மமேல குந்த வெச்சிருக்காங்க. மாத்தி எழுது.”

‘கொடுத்தும் நான் அணியாததால்’ என்பதை அடித்துவிட்டு, ‘கொடுக்காததால்’ என்று எழுதினேன். அதன்கீழ் அப்பா விரலை அழுத்தி வைத்தார்.

சூப்பர்வைசரின் முகம் மாறியது. “கிறுக்குன பேப்பரு செல்லாது மாமா. இந்த வேலைக்கு ஆளு ஜாஸ்தி, தெரிஞ்சிக்க.” தாளை எங்களிடமே போட்டுவிட்டு, பேடை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை கேட் பாஸ் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்: “ஒரு எழுத்துக்காவ சோத்துல மண்ணப் போட்டியேடா!” அப்பாதான் சொன்னார்: “எழுத்துக்காவ இல்லடி. நான் கண்ணால பாக்காதத குடுத்தாங்கன்னு சொல்லச் சொன்னா எப்பிடிச் சொல்லுவேன்?”

கை ஆறியதும் அவர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மீனுக்கு ஐஸ் பெட்டி ஏற்றப் போனார். புதுத் தோலில் ஐஸ் பட்டால் முகத்தைச் சுளிப்பார். அங்கேயும் யாரும் கையுறை கொடுக்கவில்லை. கொடுத்ததாக எழுதி வாங்கவும் யாரும் வரவில்லை.