குடிலுக்குள் டார்ச் அடித்த மாரியப்பண்ணன்

மாதா கோயில் கிறிஸ்துமஸ் குடில் போட்டியில் இந்த வருடம் பரிசு எனக்குத்தான் என்று குதித்துக்கொண்டிருந்தேன். வைக்கோல் பரப்பி, அருவி, பொம்மை ரயில், சீரியல் லைட் எல்லாம் வைத்திருந்தேன்.

இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மாரியப்பண்ணன் வந்தார். பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன்.

"ஏலே, வைக்கோலுக்குள்ள லைட்டா? தீப்பிடிச்சிரும், மொதல்ல கழத்துலே!"

கழற்றினேன். குடில் இருட்டாகிவிட்டது. அந்நேரம் பார்த்து மார்க் போடப் பங்குச் சாமியார் வந்து நிற்கிறார்!

அண்ணன் பதறிப்போய், டார்ச்சைக் குழந்தை இயேசுவின் முகத்தில் மட்டும் அடித்தார்.

"பிள்ளையப் பாருங்க சாமி!"

சாமியார் அப்படியே முழங்காலிட்டார். "எல்லா வீட்டுலயும் ஜோடனையத்தான் பாத்தேன். இங்கனதான் இயேசு தெரியுறாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாருக்குப் பிறந்தநாள் என்பதையே ரயில் விட்டு மறைத்திருக்கிறேன்!

முதல் பரிசு நமக்குத்தான்! ஆனால் என் வீட்டுக்காரி, "அத அண்ணன்கிட்ட குடுத்துருங்க" என்கிறாள்.

ரயில் ஓட்டினவனுக்கு ஆறுதல் பரிசாவது உண்டா, நீங்களே சொல்லுங்க.