உட்காராமல் இருந்ததற்குக் காரணம்

வலி எங்கே என்று கேட்டால் நாலு பேர் முன்னால் கையை வைத்துக் காட்ட முடியாத இடத்தில் எனக்கு வலி வந்தது. பல்வலிக்காரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஊரே "அய்யோ பாவம்" என்கிறது. இடது பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றவனைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லவில்லை. அங்கே தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் சூடான கம்பியை யாரோ உருவுவது போல இருக்கும். நின்றால் குறையும். நடந்தால் மறந்தே போகும். உட்கார்ந்தால் மூன்றாவது நிமிடம் ஆஜர்.

நானோ உட்கார்ந்து பிழைக்கிறவன். நகரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய், தடா பக்கம் புதிது புதிதாக முளைத்த கம்பெனிகளில் இறக்கிவிடும் பஸ்ஸுக்கு டிரைவர். கிளட்ச் மிதிக்கிற கால்தான் என்னோடு சண்டை போட்டது. டயரைப் பார்க்கிறேன் என்று சொல்லி வழியில் இரண்டு இடத்தில் இறங்கி, பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு டயரையும் தட்டிவிட்டு வருவேன். நாலாவது நாள் முன் சீட்டுப் பெண் கேட்டுவிட்டாள்:

"இன்னாண்ணா, டெய்லி சாமி சுத்துற மாதிரி பஸ்ஸ சுத்துற? தேங்கா ஒடைக்கணும்னா சொல்லு, வாங்கியாறோம்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குக் கால் போயே போய்விட்டது. தினமும் காலையில் கண் விழித்ததும் முதல் வேலை, பாயில் படுத்தபடியே பெருவிரலுக்கு உத்தரவு போடுவது: ஆடு. அது ஆடும். சந்தேகம் தீராது. மறுபடி ஆடு. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் வலது விரலை ஆட்டிவிட்டு, இடது அசையவில்லையே என்று அலறி எழுந்தேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "அது அந்தக் கால். இந்தக் கால ஆட்டு" என்று சொல்லிவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் உடம்பில் எது பிசகினாலும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற புத்தூர் கட்டுதான். நானும் போனேன். வெளியே வரிசையில் கையிலும் காலிலும் கட்டோடு ராஜாக்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. கட்டு இருந்தால் மரியாதை. யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள் (எனக்கு அது வேண்டாம் என்பது வேறு விஷயம்). கட்டுகிற பெரியவர் காலை மடக்கினார், நீட்டினார், இடுப்பில் கட்டை விரலை வைத்து அழுத்தினார்.

"எலும்பு நல்லாகீது. இது நரம்பு. திருப்பதில பெரிய டாக்டர்கிட்ட காட்டு."

"சும்மா ஒரு கட்டாவது போடுங்க பெரியவரே, வீட்ல நம்ப மாட்டன்றாங்க" என்றேன்.

"நம்பறதுக்கெல்லாம் கட்டு போட்டா இங்க மூங்கிலு பத்தாதுப்பா" என்று அனுப்பிவிட்டார்.

திருப்பதி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்புக்கு நடுவே ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். "பயப்படகண்டி" என்றார். பயப்படாதே என்று ஒரு டாக்டர் சொன்னால் நான் அதிகமாகப் பயப்படுகிறவன். கால் விளங்காமல் போகுமா என்று கேட்டேன். போகாது என்றார். பத்து நிமிடம் கழித்து வேறு மாதிரி கேட்டேன். அதற்கும் போகாது என்றார். வலி வரும், போகும், பொறுமையாகப் பழகிக்கொள்ள வேண்டும் என்றார். பிசியோதெரபி செய்கிற இளம்பெண் முதல் வேலையாக என் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை உருவி மேசைமேல் வைத்தாள். ஆறேழு சாமிப் படம், லைசென்ஸ், போன வருஷத்து ரசீதுகள் எல்லாம் சேர்ந்து அது செங்கல் கனம் இருந்தது. "வருஷக்கணக்கா இதுமேலயா குந்திக்கினு வண்டி ஓட்டினீங்க?" என்றாள். அப்புறம் குப்புறப் படுப்பது, காலை நீட்டி மடக்குவது, துண்டைச் சுருட்டி இடுப்புக்கு முட்டுக் கொடுப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கம்பெனியில் கேட்டு ஷெட்டில் நின்றுகொண்டு வண்டி நேரம் எழுதும் வேலைக்கு மாறினேன். வீட்டில் நின்றபடி டீ, நின்றபடி பேப்பர்.

இதுவரை நடந்ததில் என் தப்பு எதுவும் இல்லை. தப்பு இனிமேல்தான்.

என் தங்கை என்னைவிடப் பத்து வயது சின்னவள். நைனா சீக்கிரமே போய்விட்டதால் அவள் ஏறி விளையாட வீட்டில் இருந்த மடி என்னுடையதுதான். படித்தாள், சித்தூரில் கட்டிக்கொடுத்தோம், மாப்பிள்ளையோடு அமெரிக்கா போனாள். எட்டு வருஷம் குழந்தை இல்லை. போனில் எல்லாவற்றையும் பேசுவோம், அதை மட்டும் பேச மாட்டோம். பிறகு ஒரு பெண் பிறந்தது. திருமலையில் மொட்டை போட்டு, கீழே திருப்பதியில் காது குத்த வருகிறோம் என்றாள். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். சொல்ல வேண்டியதே இல்லை, அது நான்தான்.

அந்தச் சமயத்தில் சித்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எல்லாரும் உட்கார்ந்தார்கள், நான் தூணோரம் நின்றேன். தங்கையின் மாமியார் இலையிலிருந்து நிமிர்ந்து, "ஏன் நிக்கிறீங்க, குந்தி துன்னுங்க" என்றார். நரம்பு என்று சொன்னால் எங்கே என்பார். அந்த இடத்துக்கு ஒரு சம்பந்தியம்மா முன்னால் சொல்லக்கூடிய சொல் எனக்குக் கிடைக்கவில்லை. புத்தகச் சொல்லைச் சொன்னால் சிரிப்பார்கள், பேச்சுச் சொல்லைச் சொன்னால் சம்பந்தமே முறியும். திருதிருவென்று மேலே பார்த்தேன். சுவரில் வெங்கடாசலபதி காலண்டர் மாட்டியிருந்தது எனக்குத் தெரியாது.

அந்தம்மா காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மொக்கா? கொழந்தைக்காவா?" என்றார். எங்கள் பக்கத்தில் வேண்டுதலுக்கு அந்தத் தெலுங்குச் சொல்தான் முதலில் வாயில் வரும்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். நான் தலையைக் குனிந்தேன். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். நின்றபடியே எனக்கு இரண்டு ஜாங்கிரி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகரியில் இருக்கும் நெட் சென்டரில் கேமராவில் தங்கையோடு பேச்சு. நான் நின்றுகொண்டிருந்ததால் அங்கே என் வயிறு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. வழக்கமாக, "உன் தொப்பையோடவே எவ்ளோ நேரம் பேசறது, குந்துண்ணா" என்று திட்டுவாள். குழந்தையும் என் தொப்பைக்குத்தான் டாட்டா காட்டும். அன்றைக்குத் திட்டவில்லை.

"அத்த சொன்னாங்க. என் கொழந்தைக்குக் காது குத்துற வரைக்கும் எங்கியும் குந்த மாட்டேன்னு வேண்டிக்கினியாமே. எனக்காவாண்ணா?"

குனிந்து திரையைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். எட்டு வருஷமாக என்னிடம் அழாமல் வைத்திருந்த அழுகை அது. அதற்கு நடுவில், இல்லம்மா, வட்டு பிதுங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது? "சரி சரி, ஒடம்ப பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து வலியைவிட அந்தப் பொய் அதிகமாகக் குத்தியது. அதைவிடப் பெரிய பயம், காது குத்துகிற அன்றைக்கு உட்கார முடியாமல் போனால்? எட்டு வருஷம் கழித்து வந்த குழந்தை, மாமன் மடியில் உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் மாமன் அலறி எழுந்தான் என்றால்? பயிற்சி தொடங்கினேன். பின்கட்டில் பலகை போட்டு, முதுகுக்குத் துண்டு வைத்து, மடியில் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டு கடிகாரம் பார்த்து உட்கார்ந்தேன். முதல் வாரம் மூன்று நிமிடம். அடுத்த மாதம் ஐந்து. ஒருநாள் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? ஒலைல அரிசி போடலான்னு தேடிக்கினு இருக்கேன், நீங்க மடில வெச்சி கொஞ்சிக்கினு குந்திகிறீங்க?"

சொன்னேன். அவளுக்கு நரம்பு விஷயம் தெரியும், மொக்கு விஷயம் தெரியாது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, பையின் இரண்டு மூலையையும் நூல் போட்டுக் காது மாதிரி கட்டிக் கொடுத்துவிட்டு, "ரெண்டு காதும் குத்தணும், ஞாபகம் வெச்சிக்கோங்க" என்றாள்.

தங்கை வந்தாள். மொட்டைக்கு முதல்நாள் மற்றவர்கள் காரில் மலையேற, நான் அடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேறி நடந்து வருகிறேன் என்றேன். காரில் உட்கார வேண்டாமே என்பதுதான் காரணம். எல்லாரும் கைகூப்பினார்கள். தங்கை குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, "நானும் அண்ணாகூட நடக்கறேன்" என்று செருப்பைக் கழற்றினாள்.

படியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு வலியே இல்லை, குதித்துக் குதித்து ஏறினேன். "எப்டிண்ணா இந்த வயசுல?" என்று அவள் கண் கலங்கியபோது என்னால் தாங்க முடியவில்லை. ஒரு படியில் நிற்கவைத்துச் சொல்லிவிட்டேன். பர்ஸ், ஸ்கேன், காலண்டர், ஜாங்கிரி, எல்லாம். மொக்கு எதுவும் இல்லை, குந்தினால் வலிக்கும், அவ்வளவுதான் என்றேன்.

அவள் என்னை விட்டுவிட்டு மேலே ஏறினாள். நான் பின்னால் போனேன். எத்தனை படி என்று தெரியாது, எனக்கு மலையையே இரண்டு தடவை ஏறியது மாதிரி இருந்தது. பிறகு திரும்பினாள்.

"ரொம்ப வலிக்குமா?"

"குந்தினாத்தான்."

"டாக்டர் இன்னா சொன்னாரு? கால் நல்லாருக்கும்னாரா?"

"ரெண்டு வாட்டி கேட்டேன். நல்லாருக்கும்னாரு."

"ரெண்டு வாட்டியா? உன்ன தெரியாதா எனக்கு, பத்து வாட்டி கேட்டிருப்ப." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதை விழுங்கிக்கொண்டு, "நாளன்னிக்கி எவ்ளோ நேரம் குந்துவ?" என்றாள்.

"அரிசி மூட்டையோட ஏழு நிமிஷம்."

"அரிசி மூட்ட அசையாதுண்ணா. அவ உன் மூக்கையே பிச்சிடுவா."

வேண்டாம் என்றால் பெரியப்பா மகனை உட்காரவைக்கலாம் என்று நானே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மீதிப் படியை ஏறினாள்.

காது குத்துகிற அன்று திருப்பதி சத்திரத்தில் பலகை போட்டார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை, தேய்த்த பித்தளைச் சொம்பு மாதிரி இருந்தது. உட்கார்ந்தேன். "மொக்கு முடியுது, மாமன் குந்துறாரு" என்று தங்கையின் மாமியார் எல்லாருக்கும் அறிவித்தார். பத்தர் தங்கக் கம்பியை எடுத்து, வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி, மஞ்சள் எங்கே என்று தேடி, பேனாவால் காதில் புள்ளி வைத்து, புள்ளி ஏறுமாறாக இருக்கிறது என்று அழித்தார். என் ஏழு நிமிடத்தில் நாலு அதிலேயே போனது.

ஒரு காது குத்தியதும் குழந்தை போட்ட சத்தத்தில் சத்திரத்துப் புறாக்கள் பறந்தன. என் தாடையில் ஒரு உதை, மூக்கில் ஒரு பிடி. அரிசிப் பை இதையெல்லாம் சொல்லித்தரவில்லை. இரண்டாவது காதைக் காட்டவே மாட்டேன் என்கிறாள். என்னுடைய சூடான கம்பி தொடையில் இறங்கிவிட்டது, கெண்டைக்கால், குதிகால், சுண்டுவிரல். வியர்வை கண்ணில் வழிந்தது. "மாமன் அழுறாரு பாரு" என்று யாரோ உருகினார்கள். நான் பலகையை விட்டு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கினேன்.

அப்போது முதுகில் சூடாக ஏதோ முட்டியது. தங்கை பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, என் முதுகோடு தன் முதுகைச் சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"சாஞ்சுக்கோண்ணா. கால நீட்டு. பத்தரு நகருவாரு."

"ஒனக்கு முதுகு வலிக்கும்மா."

"நீ என்ன எவ்ளோ நாள் தூக்கினு சுத்தின? சாயி."

சாய்ந்தேன். காலை நீட்டினேன். வலி போகவில்லை, ஆனால் ஒரு படி இறங்கி நின்றது. போட்டோக்காரர் தவித்துப் போனார். "அம்மா, கொழந்த காது குத்துறாங்க, நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கினு குந்திகிறீங்களே, இப்டித் திரும்புங்க!"

"நாற்காலிக்கு மூஞ்சி எதுக்கு? நீங்க எடுங்க" என்றாள் தங்கை.

இரண்டாவது காதும் முடிந்தது. குழந்தை விக்கி விக்கி என் தோளில் முகத்தைத் துடைத்துவிட்டு அப்படியே ஒட்டிக்கொண்டாள். பத்தர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

பந்தி போட்டார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் சுவரோரம் நின்றேன். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட என்னால் உட்கார முடியாது. மாமியார் பார்த்துவிட்டார்.

"மொக்குதான் முடிஞ்சிச்சே, இன்னும் இன்னாத்துக்கு நிக்கிறீங்க?"

நான் வாயைத் திறந்தேன். இந்த முறை சொல்லிவிடுவது என்றே திறந்தேன். அதற்குள் தங்கை தன் இலையைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அது அவரு மொக்கு அத்த. முடிஞ்சிச்சி. இப்ப இது என்னுது."

"உனக்கா? இன்னா மொக்கும்மா?"

"அண்ணா நல்லாகுற வரைக்கும் அவருகூட நின்னுக்கினு துன்றது" என்றவள், ஒரு உருண்டைச் சோற்றைப் பிசைந்து, முதலில் என் வாயில் வைத்தாள்.