கேட்டதைச் சொன்ன காசிம் பாய்

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அலுவலகத்தில் எனக்கு போன் என்றார்கள். காசிம் பாயின் மனைவி ஆயிஷா பேசினார். "மணியண்ணே, கடை வாசல்லயே வச்சு அடிச்சுக் கொன்னுட்டானுவ." பிறகு அழுகை மட்டும் கேட்டது. மும்பை தாராவியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த காசிம் பாய்க்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

மாட்டுங்காவில் நான் குமாஸ்தா. விடுமுறை நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறேன். ஐந்து வருடங்களுக்கு முன் என் பழைய வெளிநாட்டு கிடாரின் பிக்கப் ஊமையாகிவிட்டது. கம்பிகளின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பாகம் அது. இரட்டைக் காயில் கொண்ட ஹம்பக்கர் வகை. அதுவரை ஃபேனும் மிக்ஸியும் மட்டுமே பார்த்திருந்த பாய் அதைப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரியில் இரண்டு செய்தார். ஒன்றில் பழையதைப் போலவே சுற்று. இன்னொன்றில் சுற்று அதிகம்.

அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி, ஒரே வரியை வாசித்தேன். எது எதுவென்று சொல்வதில் அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது.

"இதான் பாய் பந்தலுக்கு. எவ்ளோ கனமா பேசறது பாருங்கோ!"

"சத்தம் கூடுதல்தான் ஓய். ஆனா ஆறு கம்பியும் ஒண்ணாச் சேந்து கத்துது. மொதல்ல உள்ளதுல ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கேக்கு."

"நீங்க செஞ்சதுதானே, நன்னாருக்குன்னு சொல்லுங்களேன்."

"எனக்குக் கேக்குறதத்தானே சொல்ல முடியும்?"

சத்தமானதையே வாங்கிப்போனேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்து முதலாவதை மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் கச்சேரிகளுக்கு ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ள அவரும் வரத் தொடங்கினார்.

எட்டு மாதங்களுக்கு முன் தேவ்நாரில் ஒரு கல்யாணம். பட்டப்பகல். அந்த வட்டாரத்து ரௌடி ஒருவன் மேடையேறி மைக்கைப் பிடுங்கினான். எங்கள் டிரம்மர் சைமன் அதைத் திரும்ப வாங்கினார். அவ்வளவுதான். அவனுடைய ஆட்கள் சைமனின் தலைமயிரைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். இரும்புக் கம்பிகள் வந்தன. முழங்கால் உடைந்தது. "கால விடு, தலையில போடு" என்று அவன் ஹிந்தியில் சொன்னான். அவனிடமிருந்து நான் இரண்டு கை தூரத்தில் கிடாரோடு நின்றிருந்தேன். கம்பி இறங்கியபோது என் சட்டையில் ரத்தம் தெறித்தது.

திரைக்குப் பின்னால் வேலையாக இருந்த பாய் திரையைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்து, சைமன்மேல் கவிழ்ந்து படுத்தார். அவருடைய தோள்பட்டை முறிந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே சைமன் இறந்துவிட்டார்.

போலீஸ் கேட்டபோது, குனிந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். குழுவில் எல்லோரும் அப்படித்தான் ஏதோ ஒன்று சொன்னோம். பாய் மட்டும் பெயரைச் சொன்னார். மோட்டார் கட்ட அவர் கடைக்கு வந்துபோனவன் அவன், குரல் தெரியும். திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு எப்படிப் பார்த்தாய் என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர். "தேக்கா நஹீ சாப். சுனா" என்றார் பாய். பார்க்கவில்லை, கேட்டேன்.

ஜாமீனில் வந்தவன் ஆள் அனுப்பினான். கடைக் கதவை வெட்டினார்கள். பயந்துபோய் நான் பாயிடம் ஓடினேன்.

"வாபஸ் வாங்கிடுங்கோ பாய். கொழந்தைகள் இருக்காளே."

"அந்த ரெண்டாவது அடி விழுந்த சத்தம் காதுக்குள்ளயே கெடக்கு மணி. அத எங்க கொண்டு போடச் சொல்லுதீரு?" பிறகு மெல்லச் சொன்னார்: "ஒம்மள நான் சாட்சிக்குக் கூப்பிடலயே. போயி நிம்மதியா இரியும்."

நிம்மதியாகத்தான் இருந்தேன், புதன்கிழமை வரை.

அன்று நான் போனபோது கடை வாசலில் ரத்தம் காயவில்லை. பல் ஒன்று கிடந்தது. ஆயிஷா என் முகத்தை நேராகப் பார்த்தார். "அண்ணே, சைமன அடிச்சத நீங்க பாத்தீங்கதான?"

"பாத்தேன்மா."

அவர் என்னைத் திட்டவில்லை, உள்ளே போய்விட்டார். அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பார்த்தது முழுவதையும் பெயரோடு எழுதிக் கையெழுத்திட்டேன். எட்டு மாதம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டார்கள். பயம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

பிரேதப் பரிசோதனை முடிந்து மறுநாள் பகலில் உடல் வந்தது. தாடை உடைந்திருந்ததால் முகத்தை யாருக்கும் காட்டவில்லை. சந்து முனையில், உடலைக் கிடத்திய சந்தூக் பெட்டி திரும்பவில்லை. முன்னால் பிடித்தவர்கள் உயர்த்த, பின்னால் நாங்கள் தாழ்த்த, அந்த ஒரு நிமிடம் காசிம் பாய் ஏறக்குறைய நின்றுகொண்டிருந்தார். அவருடைய பாரம் முழுவதும் என் தோளில் இறங்கியது.

அப்படியே நிமிர்ந்து போய்வாருங்கள், பாய்.