சின்னிக்கு இரும்பு வீடு

எங்கள் ஆட்டுக்கு அரசாங்கமே வீடு கட்டிக் கொடுத்துவிட்டது என்று நான் ஒரு நாள் முழுக்க நம்பிக்கொண்டு திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் நாலு பேரிடம் பீற்றியும் ஆயிற்று. சொன்னது மாமா, அம்மாவின் தம்பி. மாமா வாயைத் திறந்தால் பாதி புளுகு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஆட்டைப் பற்றி யார் நல்ல சேதி சொன்னாலும் நம்பிவிடுகிற நிலையில்தான் அப்போது நான் இருந்தேன்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கம். மைசூரில் ஒரு கம்பெனிக் கிடங்கில் வேலை கிடைத்து, ரிங் ரோட்டையும் தாண்டி, பாதி மனைகள் காலியாகக் கிடந்த ஒரு லேஅவுட்டின் கடைக்கோடியில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் காலி மனை, அதற்குப் பின்னால் உண்ணிச்செடிப் புதர், அதற்கும் பின்னால் தைலமரத் தோப்பு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு கிடையாது. மைசூர் என்றதும் அரண்மனையையும் அதன் விளக்குகளையும் மனதில் வைத்துக்கொண்டு வருகிற சொந்தக்காரர்கள், எங்கள் வீட்டைப் பார்த்ததும் முகம் தொங்கிப் போவார்கள்.

ஊர்ப் பழக்கத்தை விட முடியாமல் அம்மா அங்கேயும் சில ஆடுகள் வளர்த்தாள். மதில் சுவரோடு தகரத்தைச் சாய்த்து ஒரு கொட்டகை. கம்பெனியில் தூக்கிப் போட்ட பலகைத் தட்டுகளை அப்பா அடியில் பரண் மாதிரி அடுக்கியிருந்தார். மூத்திரம் இடுக்கு வழியே கீழே வடிந்துவிடும், ஆடு நனையாமல் படுக்கும். பலகைமேல் ராகிக் கதிர் அறுத்த தாளும் காய்ந்த புங்க இலையும் பரப்புவது என் வேலை. சின்னி என்கிற பெட்டைக் குட்டி ஈரத்தில் படுத்தால் போதும், இருமல் பிடித்துக்கொள்ளும். அது அங்கே இருமினால் எனக்கு இங்கே தூக்கம் போய்விடும். காலையில் எழுந்து பல்லுகூடத் தேய்க்காமல் ஓடிப் போய் அதன் படுக்கையைத் தடவிப் பார்ப்பேன். நாளைக்குப் பெற்ற பிள்ளையைக்கூட இவள் இப்படிப் பார்க்கமாட்டாள் என்று அம்மா கேலி செய்வாள்.

அந்த மழைக்காலத்தில்தான் சிறுத்தை வந்தது. முதலில் தோப்போரம் திரிந்த நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நாங்கள் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் விடிந்து பார்த்தால் கொட்டகைத் தகரம் ஒரு பக்கம் நெளிந்து கிடந்தது. பெரிய ஆட்டைக் காணோம். நான் பரப்பிய தாளில் ரத்தம். இழுத்துக்கொண்டு போன தடம் காலி மனை வழியாகப் புதர்வரை போயிருந்தது. மற்ற ஆடுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. சின்னியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் கக்கூஸ் வீட்டுக்கு வெளியே இருந்தது. அன்றிலிருந்து பொழுது சாய்ந்தபின் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன்.

அப்பா போய்ச் சொன்னதில் காட்டிலாகாக்காரர்கள் ஒரு டிராக்டரில் கூண்டு கொண்டுவந்தார்கள். நடுவில் கம்பி வலை வைத்த கூண்டு. முன்பாதி சிறுத்தைக்கு, பின்பாதி ஆட்டுக்கு. கூட்டத்தை விட்டுப் பிரிந்த குட்டி ஓயாமல் கத்தும், அந்தச் சத்தத்துக்குச் சிறுத்தை வரும், வலை இருப்பதால் ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று ஃபாரஸ்ட் கார்டு சொன்னாராம். எங்கள் ஆடுகளில் பெருந்தொண்டை சின்னிக்குத்தான். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த கதை. பள்ளிக்கூடம் விட்டு வந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்னி இல்லை என்பதுதான். அதையும் தின்றுவிட்டதென்று நினைத்துத் தரையில் விழுந்து புரண்டேன்.

என் அழுகையை நிறுத்த மாமா ஒரு வீடு கட்டினார். சின்னிக்கு இருமல் என்று கேள்விப்பட்டு அரசாங்கத்திலிருந்தே தனி வீடு கொடுத்திருக்கிறார்களாம். முழுக்க இரும்பு, சிறுத்தை தலைகீழாக நின்றாலும் பிய்க்க முடியாதாம். காலி மனையின் இந்தக் கோடியில் நின்று கையை நீட்டிக் காட்டவும் செய்தார். புதரையொட்டி, மேலே தழை போட்டு மூடிய பெட்டி ஒன்று தெரிந்தது. அடேயப்பா, என்ன மரியாதை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கீழே என்ன விரித்திருக்கிறார்கள் என்று கேட்டேன். மாமாவும் எல்லாப் புளுகையும் யோசித்து வைத்திருப்பாரா? அதை மட்டும் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

படுத்தால் சின்னியின் கத்தல் கேட்டது. நடுநடுவே இருமல். வெறும் இரும்பில் படுத்திருக்கிறதே என்று எனக்கு மனசு ஆறவே இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அம்மா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, ஒரு கை ராகித் தாளும் ஒரு சாக்குமாகக் கிளம்பினேன். அந்தப் பக்கம் போகக் கூடாதென்று கண்டிப்பான உத்தரவு இருந்தது. பயமாகவும் இருந்தது. காலி மனை முழுக்க ஓட்டமாகவே போனேன். சின்னி என்னைப் பார்த்துவிட்டு வலையில் முட்டி முட்டிக் கத்தியது. பின்பக்கக் கதவை முறுக்குக் கம்பியால் கட்டியிருந்தார்கள், என் விரலுக்கு அசையவில்லை. முன்பக்கக் கதவோ விரியத் திறந்திருந்தது. அதை வீட்டின் ஹால் என்றும், சின்னி நிற்பது படுக்கையறை என்றும் எடுத்துக்கொண்டேன். தவழ்ந்து உள்ளே போய் வலையின் ஓட்டையில் தாளைத் திணிக்க ஆரம்பித்தேன். முழங்காலுக்கு அடியில் ஒரு தகடு அமுங்கியது. முதுகுக்குப் பின்னால் இடி விழுந்த மாதிரி கதவு இறங்கியது.

அப்போது நான் போட்ட கூப்பாடு சின்னியின் கத்தலையும் மிஞ்சியிருக்கும். கதவை உதைத்தேன், தலையால் முட்டினேன். புதருக்குள் இருட்டு சேர ஆரம்பித்துவிட்டது. சிறுத்தைக்கான பெட்டி இது என்று அந்த நேரத்தில் யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வரப்போகிறது, என் பக்கத்தில் வந்து உட்காரப்போகிறது என்று நடுங்கினேன். மூடின கதவுக்குள் அது எப்படி வரும் என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை.

வழியெல்லாம் நான் சிந்திய தாளைப் பார்த்துக்கொண்டே அம்மா வந்துவிட்டாள். கையில் ஒரு குச்சிகூட இல்லை, காலில் செருப்பில்லை. கதவை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். அது நாலு ஆள் தூக்குகிற கதவு, கொக்கி வேறு விழுந்திருந்தது. வீட்டிலிருந்த ஒரே போன் அப்பாவோடு ஷிப்டுக்குப் போயிருந்தது. அம்மா தோப்பைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். பிறகு கம்பியில் முதுகைச் சாய்த்து, தோப்பைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கையைப் பின்னால் விட்டு என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கதான் இருக்கேன் கண்ணு. வாய்ப்பாடு சொல்லு. சத்தமாச் சொல்லு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பிள்ளை கூண்டில் கிடக்கிறது, ஓடிப் போய் ஆள் கூட்டி வராமல் வாய்ப்பாடு கேட்கிறாளே! இருந்தாலும் அழுதுகொண்டே கன்னடத்தில் சொன்னேன். குரல் இறங்கினால் காலைக் கிள்ளினாள். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறியபோது, சின்னி கத்துவதை நிறுத்திவிட்டுத் தோப்பைப் பார்த்து விறைத்து நின்றது. மூக்கால் சீறி, முன்னங்காலைத் தரையில் ஓங்கி ஓங்கிக் குத்தியது. தாள் குத்துகிறது போலிருக்கிறது, சாக்கையும் போட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அம்மா என் காலை நெரித்தாள். அவளும் சேர்ந்து, தனக்குத் தெரியாத கன்னட வாய்ப்பாட்டை என் பின்னாலேயே கத்திக் கத்திச் சொன்னாள். கம்பியோடு ஒட்டியிருந்த அவள் முதுகு தொப்பலாக நனைந்திருந்தது.

"நீயும் உள்ள வாம்மா" என்று அழுதேன்.

"ரெண்டு பேருக்கு இடம் பத்தாது சாமி. நீ சொல்லு."

கூண்டைப் பார்வையிட வந்த கார்டும் இன்னும் சிலரும் டார்ச்சோடு வந்தபோது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மாமாவும் அவர்களோடு இருந்தார். கதவைத் தூக்கி என்னை வெளியே எடுத்தார்கள். கார்டு, அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மெல்ல மெல்ல டார்ச்சை நகர்த்தினார். ரொம்ப தூரம் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. ஈர மண்ணில் புதிதாகப் பதிந்திருந்த கால் தடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, அம்மாவிடம் கன்னடத்தில் என்னவோ கோபமாகச் சொன்னார். கூண்டுக்குள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, நீங்கள்தான் வீட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அம்மா என் பாவாடையில் ஒட்டியிருந்த தாளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

சின்னியை அன்றே கையோடு கூட்டி வந்துவிட்டோம். அதற்குப் பிறகு எந்த ஆட்டையும் கூண்டுக்குக் கொடுக்க அப்பா சம்மதிக்கவில்லை. நான் பயந்துவிட்டேன் என்று எனக்குச் சுற்றிப் போட்டார்கள், கோயிலில் மந்திரித்துக் கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள், மாமா பரிகாரமாக மைசூர்பாகு வாங்கி வந்தார். அம்மா காய்ச்சல் வந்து அந்த வாரம் முழுக்கப் படுத்திருந்தாள். மழையில் நனைந்ததால் வந்த காய்ச்சல் என்று எல்லோரும் சொன்னதை நானும் நம்பினேன். அன்றைக்கு மழை பெய்யவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வகுப்பில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். சிறுத்தைக் கூண்டில் அகப்பட்டவள் என்று பக்கத்து வகுப்பிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். எப்படிக் கதவு விழுந்தது, எப்படி நடுங்கினேன் என்று நடித்தே காட்டுவேன். ஒருநாள் ஒரு பெண், அப்போது உன் அம்மா எங்கே இருந்தாள் என்று கேட்டாள்.

அம்மாவுக்கு என்ன, அவள் பாட்டுக்கு வெளியே காற்றாட உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னேன்.