ஐந்து நாள் மாத்திரை

அக்காவின் நுரையீரலில் கட்டி சுருங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதைச் சுருக்கிய மருந்தே உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிட்டு, அவள் குடலைப் புண்ணாக்கிவிட்டது. ஒரு நாளைக்குப் பதினைந்து முறை கழிப்பறை. உட்லண்ட்ஸ் வீட்டில் அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு கதவுதான். ஸ்டீராய்டுக்கும் அடங்கவில்லை. புற்றுநோய் மருந்தை நிறுத்தினார்கள். குடல் ஆறினால்தான் மறுபடி.

ஒரு வழி இருந்தது. நலமான ஒருவரின் மலத்திலிருந்து நல்ல கிருமிகளைப் பிரித்து, குழாய் வழியாக அவள் பெருங்குடலில் விடுவது. உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

"சின்னதுல உனக்கு எத்தன தடவ கழுவி விட்டிருக்கேன். அப்பல்லாம் சும்மா தூக்கிப் போட்டேன். இப்ப அதையே கேட்டு வாங்க வேண்டியிருக்கு லா," என்றாள் அக்கா.

மருத்துவமனையில் தாதி படிவம் தந்தார். கடந்த மூன்று மாதங்களில் ஆன்டிபயாட்டிக் உட்கொண்டீர்களா? பேனா நின்றது. ஏழு வாரத்துக்கு முன் பல்வலி. எல்லைப் பாலம் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய் ஜொகூரில் பிடுங்கிக்கொண்டு, ஐந்து நாள் மாத்திரை விழுங்கியிருந்தேன். இங்கே எந்தக் கணினியிலும் அது இல்லை. இல்லை என்று குறியிட்டேன்.

திரும்பும் வழியில் தேக்கா சந்தையில் இறங்கினேன். மல்லிகை, மசாலா, ஈரச் சாக்கு, ஆட்கள், மேலும் ஆட்கள். என் வயிற்றுக்குள் அந்த மாத்திரை எதையெல்லாம் கொன்றிருக்கும்? மிஞ்சியது எது? எதைக் கொண்டுபோய் அவள் புண்ணில் விடப்போகிறேன்? நடைபாதை ஓரமாக நின்று தாதியை அழைத்துச் சொல்லிவிட்டேன்.

"மூணு மாசம் முழுசா ஆகணும் சார். இன்னும் ஆறு வாரம் இருக்கு," என்றார்.

அடுத்து அக்காவை அழைத்தேன்.

"பல்லு புடுங்குனத எங்கிட்டகூட சொல்லலியேடா."

"நீ படுத்திருந்தே. சொல்லத் தோணல. வேற ஆள் பாப்பாங்கக்கா."

"ஆள் கெடச்சு, டெஸ்ட் எடுத்து..." மூச்சு வாங்கினாள். "மருந்து இல்லாம ஆறு வாரம் அந்தக் கட்டி சும்மா இருக்குமாடா?"

மூட்டை தூக்கி வந்தவருக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினேன்.

"நீ வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

"என்கிட்டேர்ந்து வந்தது உன்னையே கொன்னுருந்தா?"

"இரு, வருது."

கைப்பேசியை எங்கோ வைத்தாள். கதவு. வெகுநேரம் தண்ணீர் ஓடியது. யாரோ என்னை இடித்துக்கொண்டு போனார்கள்.

"இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"ஆறு வாரத்துக்கு ஒரு மாத்திரையும் தொடாத. எது வலிச்சாலும் வலிக்கட்டும்."