ஏழு படி வீடுகள்

திருச்செங்கோட்டில் வீடு தேடிய அந்த ஆறு மாதத்தில் நான் போட்ட சண்டைகளைக் கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் என் வீட்டுக்காரரோடுகூடப் போட்டதில்லை. கேட்டது என்ன, மாளிகையா? வாசலில் படி இல்லாத ஒரு வீடு. அவ்வளவுதான்.

அவர் போர்வெல் வண்டியில் டிரில்லராக இருந்தவர். வடக்கே எங்கோ ஓர் ஊரில் வேலை பார்த்தபோது இரும்புக் குழாய் சரிந்து இடுப்பில் விழுந்தது. நாலு வருஷமாகச் சக்கர நாற்காலிதான். கைகள் இரண்டும் நல்ல பலம். சமதரையாக இருந்தால் யார் துணையும் வேண்டாம், அவரே உருட்டிக்கொண்டு போவார். ஆனால் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு ஏழு படி. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால்கூடப் பக்கத்து வீட்டு ஆண்கள் வந்து நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். முதல் வருஷம் டீக்கடைக்குப் போகணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், "நாலு பேரு தூக்கிட்டுப் போயி டீ குடிக்கிற மகராசன் நான் ஒருத்தன்தான்" என்று சிரித்தார். அதற்கப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார். அவர் அப்படி விட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நஷ்டஈடாக வந்ததோடு என் நகையையும் போட்டு, சொந்தமாகவே ஒன்றை வாங்கிவிடுவது என்று கிளம்பினேன்.

எங்கள் பக்கம் ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டுவதே இல்லை. அதன் மேலேயே இன்னொன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ரோடு ஏறிக்கொண்டே போகும், வீடு பள்ளமாகும், மழைத்தண்ணீர் அடுப்படிவரை வரும். அதற்குப் பயந்து, வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் பேஸ்மட்டத்தை நாலடிக்குத் தூக்கிவிடுகிறார்கள். எதிர்வீட்டுக்காரர் நாலடி என்றால் இவர் நாலரை. கடைசிப் படி சாக்கடையை ஒட்டி வந்து நிற்கும்.

"சாய்வாக் கட்டிக்கலாம் அம்மிணி, அது ஒரு வேலையா?" என்றார் எங்களுக்கு வீடு காட்டிய புரோக்கர். நாலடி உயரத்துக்கு என் வீட்டுக்காரர் உருட்டி ஏறுகிற மாதிரி சாய்வு கட்டினால், அது எதிர்வீட்டு அடுப்படியில் போய்த்தான் முடியும். அதைப் புரோக்கரிடமே சொன்னேன். "அதுவும் சரிதானுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்தும் ஏழு படி வீட்டையே காட்டினார்.

காட்டின வீடுகளும் என்ன லட்சணம்! ஒன்றில் சுவர் முழுக்க ரோஸ் நிற டைல்ஸ், சுவருக்குள் கண்ணாடி ஷோகேஸ், அந்தக் கண்ணாடியிலும் விரிசல். கக்கூஸ் பின்வாசலுக்கு வெளியே, அதற்குத் தனியாக மூன்று படி, உள்ளே குந்தி உட்காருகிற பீங்கான். கதவு அகலம் என் தோளுக்கே இடித்தது. இதற்கு ஐம்பத்தைந்து லட்சம்! ஏனென்று கேட்டால், "பக்கத்துல காலேஜு வருதுங்க, பைபாஸு வருதுங்க" என்றார் அதை விற்கிறவர். எல்லாம் வருகிறதாம். கூச்சமே இல்லாமல் சொன்னார்.

போதாததற்கு, "போரு மட்டுமே ஆயிரத்தி இருநூறு அடிங்க" என்று நெஞ்சை நிமிர்த்தினார். எங்கள் ஊரில் இது ஒரு வியாதி. போர்வெல் வண்டித் தொழில் ஊர் என்பதாலோ என்னவோ, போர் எத்தனை அடி என்பதைப் பிள்ளை வாங்கின மார்க் மாதிரி சொல்வார்கள். நான் வீடியோ காலில் என் வீட்டுக்காரருக்கு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். போனுக்குள்ளிருந்து அவர் கேட்டார்.

"ஏனுங்க, தண்ணி எத்தனாவது அடியில வந்துச்சு?"

விற்கிறவரின் நிமிர்ந்த நெஞ்சு இறங்கிவிட்டது. "அது... மழை பேஞ்சா வருமுங்க."

"எரநூறு அடியில வந்திருந்தா ஆயிரத்துக்கு எதுக்குங்க போறீங்க? வெறும் புழுதிக்கு நாங்க வெலை குடுக்கறதுங்களா?"

வெளியே வந்ததும் புரோக்கரை நடுத்தெருவில் நிறுத்திப் பிடிபிடியென்று பிடித்தேன். "படி இல்லாத ஊடுன்னு எத்தன தடவ சொல்றது? உங்க காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கீங்க?" என்று கத்திக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். இரண்டு வீடு தள்ளி ஒரு அம்மா உள்ளறையைக் கூட்டிக்கொண்டு வந்தார். துடைப்பம் ஒரே இழுப்பில் ரோட்டுக்கு வந்தது. நடுவில் படி இல்லை, வாசக்கால் கட்டைகூட இல்லை.

"அது விக்கறதுக்குங்களா?"

"விக்கறதுதான் அம்மிணி. ஆனா அது குழி ஊடுங்க. அதையெல்லாம் உங்களுக்குக் காட்டுனா என்னைய என்ன நெனப்பீங்க?"

அடப்பாவி மனுஷா! ஆறு மாதமாக மரியாதைக்குப் பயந்து மறைத்து வைத்திருந்தாராம். விலை முப்பத்திரண்டு லட்சம் என்றார்.

அந்த அம்மா சொன்னார்: மாமனார் கட்டினபோது மூன்று படி ஏறி உள்ளே போக வேண்டுமாம். ரோடு ஏறி ஏறி வீடு பள்ளமாகிப் போக, உள்ளே மண்ணைக் கொட்டித் தரையை ரோட்டுக்குச் சமமாக உயர்த்திவிட்டார்களாம். கீழே இருந்த கட்டை தரைக்குள் போய்விட்டது. கதவுகளை அடியில் அறுத்திருந்தார்கள். மேல்கட்டை மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. அது தெரியாமல் நிமிர்ந்து நுழைந்து நெற்றியில் நன்றாக வாங்கிக்கொண்டேன். ஜன்னல்கள் என் இடுப்புக்குக் கீழே, சுவிட்சுகளும் அப்படியே. கூரை கையெட்டும் உயரத்தில். எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் கதவுகள் அந்தக் காலத்து அகலம்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஆண்களைக் கெஞ்சி அவரை இறக்கி, ஆட்டோவில் கூட்டி வந்தேன். ரோட்டிலிருந்து அவரே உருட்டிக்கொண்டு நேராக உள்ளே போனார். ஜன்னல் அவர் கண்ணுக்குச் சரியாக இருந்தது. கையை நீட்டி லைட்டைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"உங்களுக்குன்னே கட்டுன மாதிரி இருக்குது அம்மிணி. இப்படி ஊடு வேறெங்கயும் கெடைக்காது. ஒரு ரெண்டு லட்சம் சேத்துக் குடுங்க."

எனக்கு வந்ததே கோபம்! "நேத்து வரைக்கும் குழி ஊடு. இவரு கால் போனதப் பாத்து வெலை ஏத்தறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர, விலையிலிருந்து இறங்கவில்லை. புரோக்கர் இரண்டு பக்கமும் "உடுங்க, உடுங்க" என்றார்.

துணைக்கு என் வீட்டுக்காரரைக் கூப்பிடலாம் என்று திரும்பினேன். ஆளைக் காணோம். அறை அறையாகப் பார்த்துவிட்டுப் பதறி வாசலுக்கு ஓடினேன். எதிர்ச்சாரி டீக்கடையில் நாலு ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து, கையில் கிளாஸோடு, ஏதோ போர்வெல் கதை அளந்துகொண்டிருந்தார். யாரையும் கூப்பிடாமல், என்னிடமும் சொல்லாமல் போயிருக்கிறார்.

திரும்பி உள்ளே போய், கேட்ட விலைக்கே சம்மதம் சொன்னேன்.

அந்த இரண்டு லட்சத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் நெற்றியில் இடித்துக்கொண்டு, "இதுக்குப் போயி இத்தன வெலையா?" என்று தேய்த்துக்கொள்கிறார்கள். நானே இன்னும் வாரத்துக்கு ஒரு தடவை இடித்துக்கொள்கிறேன். எங்கள் வாசலில் குனியாமல் போய்வருகிறவர் அவர் ஒருவர்தான்.