எண்ணெய் தேய்த்துக் குளித்த லாரி

எங்கள் அண்ணனை வழியனுப்ப வந்தவர்களுக்கும், வர முடியாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் தங்கையாகிய நான் எழுதுவது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்; நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

அண்ணன் பிறந்தது கேலாங்கில், அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை விட்டு லாரிக் கிளீனராகி, பிறகு டிரைவரானார். பிறர் லாரியையே ஓட்டிவந்தவர், அறுபதுகளின் தொடக்கத்தில் சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கினார். எங்கள் வரிசையில் முதலில் லாரி வந்த வீடு எங்கள் வீடுதான். அதை இன்றும் தலைநிமிர்ந்து சொல்வேன். கதவைச் சாத்தினால் துரு உதிரும், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் காத்தோங்கில் பெண் பார்த்தோம். அண்ணனுக்குப் பெண்ணை மிகவும் பிடித்துவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே சாப்பிட மறந்துபோவார். பெண்ணின் அப்பா துறைமுகத்தில் மேஸ்திரி; மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். "மாப்பிள்ளையில குறை இல்ல. லாரியப் பாத்தாத்தான் பயமா இருக்கு. பெயிண்ட் அடிச்சு வைங்க. ஞாயித்துக்கிழம வந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாரியைப் பட்டறைக்காரர் கையில் கொடுக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. வீட்டு வாசலிலேயே விளக்குகளைக் கழற்றினார். கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, பள்ளங்களில் புட்டிப் பசை அப்பி, உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தார். கண்ணாடிகளில் பழைய பேப்பரைக் கஞ்சியால் ஒட்டினார். இனி யாரும் கை வைக்கக் கூடாது, கைப் பிசுக்குப் பட்டால்கூடப் பெயிண்ட் உரிந்துவிடும் என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை மிரட்டி வைத்தார். அம்மாவிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அண்ணன் பெயிண்ட் வாங்க சிராங்கூன் ரோட்டுக்குப் போனார். நான் கிணற்றடியில் துணி அலசிவிட்டு வந்து பார்த்தால், லாரி தலைமுதல் வால்வரை பளபளவென்று நிற்கிறது. அம்மா கையில் நல்லெண்ணெய்ச் சட்டி.

அண்ணன் திரும்பி வந்தவர், பெயிண்ட் டின்னை வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"புதுசு உடுத்துறதுக்கு முன்னாடி எண்ணெய் தேச்சுக் குளிக்க வேணாமா? தீபாவளிக்கு ஒனக்கு மட்டும் வேணும், அதுக்கு வேணாமா? பாவம், ஒடம்பெல்லாம் சொரண்டி வச்சிருக்க."

அண்ணனின் முகத்தை நான் பார்த்தேன். அவர் சத்தம் போடவில்லை. "நல்லாத்தான் தேச்சிருக்கம்மா" என்று மட்டும் சொன்னார். அம்மா உடனே சீயக்காய் கரைக்கப் போய்விட்டார்.

அண்ணன் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார், சவுக்காரம் போட்டுக் கழுவினார். எண்ணெய் புட்டிக்குள் ஊறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தபோது அண்ணன் நுரையோடு லாரிமேல் நின்றார். கீழே அம்மா டயருக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் பெயிண்ட் அடிக்கவில்லை என்று மேஸ்திரி கேட்டார். அம்மா பெருமையாக எல்லாவற்றையும் விளக்கினார். மேஸ்திரி அண்ணனைப் பார்த்தார். பெண் கைவிட்டுப் போகிறது என்றே நினைத்தேன்.

"ஆமாங்கய்யா," என்றார் அண்ணன், "எங்க வீட்டு வழக்கம்."

மேஸ்திரி லாரியைச் சுற்றி வந்தார். கதவில் விரல் வைத்துப் பார்த்து, அந்த விரலைத் தம் வெள்ளை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார்.

"இந்த எண்ணெய் போக எவ்வளவு நாளாகும்?"

"தெரியலங்கய்யா."

"அப்ப கல்யாணத்த வச்சுக்குவோம். பெயிண்ட மெதுவா அடிச்சுக்கலாம்லா."

பெயிண்ட் எதற்காகத் தள்ளிப்போனது என்று அம்மாவிடம் அண்ணன் கடைசிவரை சொல்லவில்லை. அம்மா அந்த வரிசையில் வேறு யார் லாரி வாங்கினாலும் எண்ணெய்ச் சட்டியோடு கிளம்புவார். அண்ணன்தான் ஓடிப்போய்த் தடுப்பார்.

பிறகு அண்ணன் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார், பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தார். கடைசியில் சர்க்கரை நோய் காலைப் பிடித்தது. ஆஸ்பத்திரியிலும் அவர் யாரையும் கடிந்து பேசியதில்லை.

அவரைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், இமைக்காமல் அருகிருந்த அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரில் உள்ள கல்யாணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் லாரி திட்டுத்திட்டாகத் தெரியும். அச்சகத் தம்பி அதைச் சரிசெய்து தருகிறேன் என்றார். அப்படியே இருக்கட்டும் என்றேன். அவருக்கும் நன்றி.